கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதைவிட அது எங்கே சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இது: 44 வயது ஆண், உயரம் 170 செ.மீ., எடை 69 கிலோ, பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23.9. வீட்டிலுள்ள ஸ்மார்ட் எடைக் கருவி உடல் கொழுப்பு 29 சதவீதம் என்கிறது. ஜிம்மில் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி நிற்கும் கருவி 24 சதவீதம் என்கிறது. எது சரி, எனக்கு ஆபத்து உண்டா, எக்ஸ்ரேயால் உடல் கொழுப்பை மதிப்பிடும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு எண்களில் எது சரி என்று தேடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். டெக்ஸாவும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வயிற்றுச் சுற்றளவு. அதோடு இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்தத்தில் உள்ள கொழுப்பான டிரைகிளிசரைடு, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல். நீங்கள் எழுதியதில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உங்கள் ஆபத்தைச் சொல்லக்கூடியவை இந்த ஐந்தும்தான்.

இனி, ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

69 கிலோவில் 29 சதவீதம் என்றால் 20 கிலோ கொழுப்பு. 24 சதவீதம் என்றால் பதினாறரைக் கிலோ. ஒரே ஆளுக்கு மூன்றரைக் கிலோ வித்தியாசம் எப்படி வந்தது? உயிரோடிருக்கும் ஒருவரின் கொழுப்பைத் தனியே பிரித்தெடுத்து நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. பிணக்கூறாய்வில்தான் அது சாத்தியம். அதனால் எல்லா முறைகளும் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. ஒன்று உடலின் அடர்த்தியை அளக்கிறது, ஒன்று மின்தடையை, ஒன்று தோல் மடிப்பின் தடிமனை, இன்னொன்று எக்ஸ்ரே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை. அளந்ததற்கும் திரையில் வரும் சதவீதத்துக்கும் நடுவே ஒரு சூத்திரம் இருக்கிறது. சூத்திரம் மாறினால் விடையும் மாறும்.

இந்தக் கணக்கு அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயின் வேலையிலிருந்து வளர்ந்தது. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.9 கிராம், உடலின் மற்ற பகுதிக்கு சுமார் 1.1 கிராம். ஆளைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி எடை பார்த்தால் மொத்த அடர்த்தி தெரிந்துவிடும். அதிலிருந்து கொழுப்பின் பங்கைக் கணக்கிடலாம். 1942-ல் வெளியான ஆய்வில் அவரும் வெல்ஹமும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களை இப்படி அளந்தார்கள். உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணைப்படி அவர்களில் பெரும்பாலோர் படைக்குத் தகுதியில்லாத அளவுக்கு எடை கூடியவர்கள். தண்ணீருக்குள் எடை பார்த்தபோது அந்தக் கூடுதல் எடை தசை என்று தெரிந்தது. எடை வேறு, கொழுப்பு வேறு என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. 1961-ல் வில்லியம் சிரி தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம் வந்துவிடும். ஆனால் அந்த 1.1 என்ற எண் எல்லோருக்கும் பொதுவானதல்ல. எலும்பு வலு குறைந்த முதியவருக்கும் எடை தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞருக்கும் அது வேறுபடும். ‘தங்கத் தரம்’ என்று புகழப்பட்ட முறையிலேயே இவ்வளவு ஊகம் ஒளிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கருவிக்கு வருவோம். அது பயோ இம்பீடன்ஸ் முறையில் வேலை செய்கிறது. உணர முடியாத அளவுக்குச் சிறிய மின்னோட்டத்தை ஒரு பாதத்தில் செலுத்தி மற்றப் பாதத்தில் வாங்குகிறது. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். கொழுப்புத் திசுவில் தண்ணீர் குறைவு, அதனால் தடை அதிகம். ஆக, கருவி உண்மையில் அளப்பது உடலில் உள்ள தண்ணீரை. உடற்பயிற்சி செய்து வியர்த்த பின், சாப்பிட்ட பின், இரவு மது அருந்திய மறுநாள், மாதவிடாய் நெருங்கும் நாட்கள் என ஒவ்வொன்றிலும் எண் நகரும். கொழுப்பு நகர்ந்திருக்காது.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. மின்சாரம் கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடுகிறது. வயிற்றுப் பகுதியை அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. கையையும் காலையும் சேர்த்து அளக்கும் ஜிம் கருவி இதில் கொஞ்சம் மேல். ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு. மின்தடை என்பது பாதை மெலிதாகவும் நீளமாகவும் இருக்கும் இடத்தில் அதிகம், அகலமாக இருக்கும் இடத்தில் குறைவு. அதனால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைக் கொண்ட நடு உடல், மொத்த மின்தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பங்களிக்கிறது. எந்த இடத்துக் கொழுப்பு உங்களுக்கு ஆபத்தோ, அந்த இடத்தில்தான் கருவியின் பார்வை மங்கல்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கருவியில் ‘விளையாட்டு வீரர்’ என்ற தேர்வு இருந்தால் அதை மாற்றிவிட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். அல்லது உங்கள் வயதை 44-க்குப் பதில் 24 என்று மாற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் சதவீதம் சட்டென்று குறைந்துவிடும். உங்கள் உடலில் எதுவும் மாறவில்லை. வயது, பால், உயரம், எடை என்று நீங்கள் கொடுத்த விவரங்களே விடையில் பெரும் பங்கு வகிக்கின்றன என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். அதே திரையில் ‘உள்ளுறுப்புக் கொழுப்பு நிலை 9’, ‘வளர்சிதை வயது 51’ என்றெல்லாம் வருகிறதே, அவையும் இப்படிக் கணக்கிட்டவைதான். கருவி உங்கள் வயிற்றுக்குள் பார்த்துச் சொல்லவில்லை. அந்த 51-ஐப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நிலை 4’ என்று வந்ததைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம்.

சரி, பிஎம்ஐ நார்மல்தானே, அது போதாதா? போதாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830-களில், வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப் போவதைக் கவனித்தார். அவர் தேடியது ‘சராசரி மனிதர்’ என்ற புள்ளிவிவரத்தை, நோயாளியை அல்ல. 1972-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் சகாக்களும்தான் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பேரை ஒப்பிட அது நல்ல கருவி. ஒரே ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்க அது போதாது.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்களின் படம் வெளியானது. ஒருவர் இந்தியரான சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. டெக்ஸாவில் பார்த்தபோது யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு! தெற்காசியப் பூர்வீகம் உள்ளவர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் போக்கு உண்டு. நீரிழிவும் முன்கூட்டியே வருகிறது. உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-லேயே ஆசிய மக்களுக்கு 23-லிருந்து ஆபத்து கூடுவதாகவும், 27.5-லிருந்து அதிக ஆபத்து என்றும் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அந்த அளவுகோலில் பார்த்தால் உங்கள் 23.9 கோட்டைத் தாண்டிவிட்டது. 25 வரை நார்மல் என்ற ஆறுதலை விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே, மேலுடலிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்பவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூடுதலாக வருகிறது, தொடையிலும் பிட்டத்திலும் சேர்பவர்களுக்கு அப்படியில்லை என்று எழுதினார். அது கவனம் பெறப் பல ஆண்டுகள் ஆயின. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் சேமிப்புக் கிடங்காக வேலை செய்கிறது. கிடங்கில் இடம் இருக்கும்வரை தொல்லை இல்லை. இடம் போதாமல் போகும்போது கொழுப்பு கல்லீரல், கணையம், தசை, குடலைச் சுற்றிய பகுதி என்று போகக்கூடாத இடங்களுக்குப் போகிறது. அங்கே போனதும் இன்சுலினின் வேலை கெடுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது.

இதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். இரண்டும் எதிரெதிர் முனையிலிருந்து ஒரே விஷயத்தைக் காட்டுகின்றன. 2004-ல் சாமுவேல் க்ளைன் குழுவினர், உடல் பருமன் உள்ள பெண்களுக்கு லைபோசக்ஷன் மூலம் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். கொழுப்புச் சதவீதம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது இன்சுலின் செயல்பாடு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. மறுமுனையில் லைபோடிஸ்ட்ரஃபி என்ற அரிய நோய். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே சேராது. பார்க்க நரம்பும் தசையுமாக இருப்பார்கள். ஆனால் கடுமையான நீரிழிவும் கொழுத்த கல்லீரலும் வரும், ஏனென்றால் கொழுப்புக்குப் போக வேறு இடம் இல்லை. சதவீதம் மட்டுமே ஆபத்தைத் தீர்மானிக்கும் என்றால் இந்த இரண்டையும் விளக்கவே முடியாது.

அதனால்தான் இஞ்ச் டேப்பை எடுங்கள் என்கிறேன். இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பலர் பேண்ட் அணியும் இடத்தில், அதாவது தொப்பைக்குக் கீழே அளந்துவிட்டு ‘என் இடுப்பு 34 இஞ்ச்’ என்கிறார்கள். அது ஆபத்தைச் சொல்லும் அளவல்ல. சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்திக் கடைசி விலா எலும்பின் அடி விளிம்பைத் தேடுங்கள். அதே பக்கம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியில் பேனாவால் ஒரு குறி வையுங்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் இடம் அதுதான். டேப் முதுகுப் பக்கம் கீழே இறங்கிவிடாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் தெரியும். தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. வயிற்றை உள்ளிழுக்காமல் சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் படியுங்கள். மறுபடி ஒரு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் திரும்ப அளந்து பாருங்கள்.

வந்த எண்ணை உயரத்தால் வகுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் நல்லது. உங்கள் உயரம் 170 என்பதால் எல்லை 85 செ.மீ. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-ல் தன் வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது: 0.4 முதல் 0.49 வரை ஆபத்து கூடவில்லை, 0.5 முதல் 0.59 வரை கூடியிருக்கிறது, 0.6-ம் அதற்கு மேலும் இன்னும் அதிகம். ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே எல்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த அளவு இதுதான். உங்கள் வயிற்றுச் சுற்றளவு 94 என்று வந்தால் விகிதம் 0.55, பிஎம்ஐ எதைச் சொன்னாலும் அது எச்சரிக்கை. 83 என்று வந்தால் 0.49, 29 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைகிறது.

உயரத்தால் வகுக்காமல் சுற்றளவை மட்டும் பார்ப்பதானால், ஆசியப் பூர்வீகம் உள்ள ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வழக்கமான எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு 94, பெண்களுக்கு 80. வயிற்றுச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுக்கும் முறையும் உண்டு; ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 என்று எல்லை. 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2005-ல், மாரடைப்போடு பிஎம்ஐக்கு உள்ள தொடர்பைவிட இந்த விகிதத்துக்கு உள்ள தொடர்பு வலுவானது என்று காட்டியது. நல்ல அளவுதான், ஆனால் இரண்டு இடத்தில் அளக்கும்போது பிழையும் இரண்டு இடத்தில் வருகிறது. வீட்டில் ஒருவர் தானே அளந்துகொள்ள உயர விகிதமே எளிது.

டேப்புக்கும் குறை உண்டு. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பையும் உள்ளே குடலைச் சுற்றியிருப்பதையும் அது பிரித்துக் காட்டாது. அதைத்தான் இரத்தப் பரிசோதனை ஈடு செய்கிறது. டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்டிஎல் ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், அதோடு கூடுதல் வயிற்றுச் சுற்றளவு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்று 2009-ல் பல அமைப்புகள் சேர்ந்து வரையறுத்தன. மூன்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய வயிறும் உயர்ந்த டிரைகிளிசரைடும் சேர்ந்து இருந்தாலே கொழுப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7-லிருந்து 6.4 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. அல்ட்ராசவுண்டில் கொழுத்த கல்லீரல் என்று வந்திருந்தால், அதை ‘எல்லோருக்கும் இருப்பதுதான்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்; நாம் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

மற்ற முறைகளைப் பற்றியும் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். காலிப்பர் என்ற இடுக்கி போன்ற கருவியை வைத்துத் தோல் மடிப்பை அளப்பது கைப்பழக்கம் உள்ளவர் கையில் நன்றாக வேலை செய்யும்; விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு ஏற்றது. ஆனால் அது தோலுக்கு அடியில் உள்ளதை மட்டுமே பிடிக்கும். கழுத்து, வயிறு, உயரம் வைத்து அமெரிக்கக் கடற்படை வகுத்த கணக்கு உத்தேசமானது. அடைத்த அறைக்குள் உட்காரவைத்துக் காற்றின் இடப்பெயர்ச்சியை அளக்கும் பாட் பாட் முறை, தண்ணீருக்குப் பதில் காற்றை வைத்து பென்கேயின் கணக்கையே செய்கிறது.

டெக்ஸா இவற்றைவிட மேல். இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்ரே செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு மூன்றையும் பிரிக்கிறது. கை, கால், வயிறு என்று இடவாரியாகவும் சொல்கிறது. கதிர்வீச்சு மிகவும் குறைவு. ஆனாலும் அது தரும் உள்ளுறுப்புக் கொழுப்பின் அளவு மதிப்பீடுதான். ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் வந்ததை இன்னொரு நிறுவனத்தின் இயந்திரத்தோடு ஒப்பிடவும் கூடாது. உள்ளே இருக்கும் கொழுப்பை நேரடியாகப் படம் பிடிப்பவை சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும். ஜப்பானில் தொப்புள் மட்டத்தில் எடுத்த சி.டி. குறுக்குவெட்டில் 100 சதுர செ.மீ.க்கு மேல் உள்ளுறுப்புக் கொழுப்பு இருந்தால் ஆபத்து என்று எல்லை வகுத்தார்கள். ஆராய்ச்சிக்கு அருமையான முறை. நலமாக இருப்பவர் இதற்காகவே சி.டி. எடுத்துக் கதிர்வீச்சு வாங்கிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

2025 ஜனவரியில் லான்செட் இதழின் நிபுணர் ஆணையம் ஒன்றும் இதே திசையில்தான் பேசியது. பிஎம்ஐயை மட்டும் வைத்து உடல் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது. வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னொரு அளவோ, கொழுப்பின் நேரடி மதிப்பீடோ சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கொழுப்பு ஏற்கெனவே உறுப்புகளைக் கெடுத்திருக்கிறதா இல்லையா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றது.

சிலருக்கு நான் சொன்னவை பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் சுற்றளவு எதையும் சொல்லாது. பிஎம்ஐ 35-ஐத் தாண்டியவர்களுக்கு வயிற்றுச் சுற்றளவு எப்படியும் எல்லைக்கு மேல்தான் இருக்கும், அளந்து புதிதாகத் தெரியப்போவது குறைவு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்னோட்டம் செலுத்தும் கருவியில் ஏறக் கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொழுப்பைவிடத் தசை இழப்பு பெரிய கவலை. எடை மாறாமல் இருக்கும், ஆனால் உள்ளே தசை கரைந்து கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்திருக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, கைப்பிடி வலு எப்படி என்று பார்ப்பது அவர்களுக்குக் கொழுப்புச் சதவீதத்தைவிடப் பயன் தரும்.

உங்கள் அளவு எல்லையைத் தாண்டியிருந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதுவும் உங்கள் எடையிலேயே. இங்கிலாந்தின் நியூகாசிலில் மருத்துவ ஆய்வாளர் ராய் டெய்லரின் குழு, பிஎம்ஐ 27-க்குள் இருந்த டைப் 2 நீரிழிவு நோயாளிகள் 20 பேரை எடை குறைக்க வைத்தது. எடை குறைந்தபோது 14 பேருக்கு நீரிழிவு பின்வாங்கியது. கல்லீரல் கொழுப்பும் கணையக் கொழுப்பும் இறங்கின.  நார்மல் எடைக்காரருக்கு எடைக் குறைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

வீட்டுக் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், வாரம் ஒரு முறை ஏறுங்கள். அதே கருவி, அதே நேரம், அதே அமைப்பு. அன்றன்றைய சதவீதத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று மாதப் போக்கைப் பாருங்கள். ஜிம் கருவியின் எண்ணோடு அதை ஒப்பிடாதீர்கள். மாதம் ஒரு முறை டேப். எடை அசையாமல் வயிறு மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால், கருவி என்ன சொன்னாலும் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

டெக்ஸா எப்போது? கடுமையாகப் பயிற்சி செய்து எடை குறைக்கிறீர்கள், போவது தசையா கொழுப்பா என்று தெரிய வேண்டும் என்றால் எடுக்கலாம். தொடக்கத்தில் ஒன்று, ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தில் இன்னொன்று. டேப்பும் இரத்தப் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று முரணாக வந்தாலும் மருத்துவரோடு பேசிவிட்டு எடுக்கலாம். இந்த வாரம் வயிற்றை அளந்து, இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து இங்கேயே எழுதுங்கள், அவற்றை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.